ஏரியலின் மறுபாதி

"இந்த செட்டு வாஸ்து பாக்குது சார்" என்றார் டிரைவர்.

2001 வாக்கில் இருக்கும். எழும்பூர் ரயில் நிலைய வாசலில் கால் டாக்சியாக ஓடிய ஒரு மாருதி ஆம்னி. டாஷ்போர்டுக்குக் கீழே வி.எச்.எஃப். வயர்லெஸ் செட், கொக்கியில் மைக். கன்ட்ரோல் ரூமை அழைத்துக் காட்டினார். கரகரவென்று எண்ணெய்ச்சட்டிச் சத்தம் வந்தது. மைக்கை மாட்டிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். ரிவர்ஸ் எடுத்து, மூக்கைக் கோணலாக ஒடித்து நிறுத்தி மறுபடி அழைத்தார். இப்போது கன்ட்ரோல் ரூம் பெண்ணின் குரல் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வருவது போல் வந்தது.

"பாத்தீங்களா? ஈசானி மூலைக்குத் திருப்பினாத்தான் பேசும். நம்ம கம்பெனில எல்லா வண்டியும் இப்டித்தான். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒரு கோணம் வச்சிருக்கோம்."

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. ஏரியலை வண்டியின் பின்பக்க இடது மூலையில், மழைத்தண்ணீர் வடியும் விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தார்கள். கூரையில் ஓட்டை போட்டால் நாளைக்கு வண்டி விலைபோகாது என்று முதலாளி தடுத்துவிட்டாராம். இடது பின் மூலையில் நிற்கும் கம்புக்கு வலது முன் மூலையை நோக்கித்தான் தகரம் நீண்டு கிடக்கிறது. தகரம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் அலை தெம்பாகப் போகும். டிரைவர் தன்னை அறியாமல் தகரத்தைத்தான் கன்ட்ரோல் ரூம் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

முதலாளியிடம் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் அனுமதி வாங்கினேன். கூரையின் நட்டநடுவில் முக்கால் அங்குல ஓட்டை. சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, அடியில் பல் வாஷர் கொடுத்து இறுக்கி, மேலே ரப்பர் வளையம் வைத்து மூடினேன். அதே செட், அதே கேபிள், அதே கம்பு. அடுத்த வாரம் மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டிகளோடு என் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். முதலாளியும் வந்தார். மறுவிற்பனையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

வண்டிகளுக்கு ஏரியல் மாட்டும் இந்தத் தொழிலுக்கு நான் வந்தது 1987-இல். மவுண்ட் ரோடு ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், ஆள் நுழைந்தால் திரும்ப முடியாத கடை. உரிமையாளரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து கரையேறியவர். வண்டிகளுக்கு வயர்லெஸ் மாட்டுவது, பழுது பார்ப்பது, கேபிள் முனையில் கனெக்டர் பற்றவைப்பது என்று எல்லாம் அங்கேதான். என்னிடம் டிப்ளமோ இருந்தது. அதை பாய் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்த்ததில்லை.

முதல் மாதம் ஒரு நாள், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பித்தளைக் கம்பி ஒன்றை என் கையில் கொடுத்தார். அடியில் கனெக்டர், கனெக்டரிலிருந்து கேபிள், கேபிளின் மறுமுனையில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரும் செட்டும். நாம் அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஏரியலில் ஏறாமல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் மீட்டர் அது. முள் 1-இல் நின்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் நூற்றுக்கு 4 பங்கு திரும்புகிறது. 3 என்றால் நூற்றுக்கு 25.

"தூக்கிப் பிடி தம்பி" என்றார். பிடித்தேன். மைக்கை அழுத்தினார். முள் எங்கோ ஓடி முட்டியது. கேபிளை நான் இன்னொரு கையால் தொட்டதும் முள் நடுங்கி வேறொரு இடத்துக்குப் போனது. மீட்டரின் பெட்டியைத் தொட்டால் இன்னொரு இடம்.

"பாதி ஏரியல் உன் கையில இருக்கு. மீதி எங்கே?"

நான் விழித்தேன். பாய் பெஞ்சுக்கு அடியில் குனிந்து வட்டமான பெரிய பொருள் ஒன்றை இழுத்து வெளியே போட்டார். பிரியாணி தேக்சா மூடி. பக்கத்துத் தெருவில் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவரிடமிருந்து, நசுங்கிப்போனது என்று கழித்துப் போட்டதை வாங்கி வைத்திருக்கிறார். அலுமினியம், ஒரு மீட்டர் அகலம் இருக்கும். நடுவில் கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டையில் கனெக்டரை நுழைத்து நட்டைத் திருகினார். கம்பி மூடியின் மேல் நெட்டுக்குத்தாக நின்றது. மைக்கை அழுத்தினார். முள் 1.4-இல் போய் உட்கார்ந்தது. கேபிளைத் தொட்டேன், இழுத்தேன், சுருட்டினேன். அசையவில்லை.

இதைப் பாடப் புத்தகத்தில் நானும் படித்திருக்கிறேன். இரண்டு கைகளை விரித்தது போல இருப்பது டைபோல். ஒவ்வொரு கையும் கால் அலை நீளம். வண்டியின் மேல் இரண்டு கைக்கும் இடம் இல்லை. ஒரு கையை மட்டும் நிமிர்த்தி வைத்து, இன்னொரு கையின் வேலையைக் கீழே இருக்கும் உலோகப் பரப்பிடம் கொடுத்துவிடுகிறோம். தரையில் கண்ணாடியைப் போட்டு அதன் மேல் ஒரு குச்சியை நிறுத்தினால், கண்ணாடிக்குள் தலைகீழாக இன்னொரு குச்சி தெரியுமல்லவா, அதுதான் மறுபாதி. கண்ணாடி இல்லையென்றால் மறுபாதியும் இல்லை. அப்போது கேபிளின் வெளிவலை, செட்டின் பெட்டி, மைக் வயர், பிடித்திருப்பவன் உடம்பு என்று கிடைத்ததெல்லாம் அந்த வேலையைச் செய்யப் போகும், அரைகுறையாக. கேபிளைத் தொட்டால் முள் ஆடியது அதனால்தான்.

படித்தது அதுவரை தலையில் மட்டும் இருந்தது. தேக்சா மூடியைப் பார்த்த பிறகு கைக்கு வந்தது.

பாய் ஒரு கணக்கையும் சொல்லித் தந்தார். 7500-ஐ மெகாஹெர்ட்ஸால் வகு, கால் அலை சென்டிமீட்டரில் வரும். கம்பியை வெட்டும்போது நூற்றுக்கு நாலைந்து குறைத்துக்கொள். 155 மெகாஹெர்ட்ஸுக்கு 48 வரும், வெட்டுவது 46. ஏரியலைச் சுற்றி எல்லாத் திசையிலும் அதே அளவு தகரம் வேண்டும். அதாவது ஒரு மீட்டர் விட்டம், ஒரு தேக்சா மூடி. அம்பாசடர் கூரையில் அது தாராளமாக விழும். அதையே 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டுக்குப் போட்டுப் பாருங்கள், கால் அலையே 2.75 மீட்டர். சுற்றிலும் 2.75 மீட்டர் தகரம் என்றால் ஐந்தரை மீட்டர் விட்டம். எந்தக் காரிலும் அது கிடையாது. அமெரிக்காவில் லாரிக்காரர்கள் இந்த 27 மெகாஹெர்ட்ஸை வைத்துத்தான் 1970-களிலிருந்து நெடுஞ்சாலை முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே மெக்கானிக்குகளின் பாதி வேலை, இல்லாத தகரத்தை இருப்பதாக ஆக்குவது.

மீடியம் வேவ் வானொலி நிலையத்துக் கோபுரத்தை எட்டி நின்று பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் மண்ணுக்குள் செம்புக் கம்பிகள் ஆரக்கால் போல விரிந்து கிடக்கும். 120 கம்பி என்ற கணக்கு, 1937-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஜார்ஜ் பிரவுனும் கூட்டாளிகளும் அளந்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. மொட்டை மாடிகளில் நாலு கம்பி விரித்து நிற்கும் கிரவுண்ட் பிளேன் ஏரியலும் அதே பிரவுனின் வேலை. அதற்கு இரண்டு கம்பியே போதும் என்றாராம் அவர். இரண்டு கம்பியைப் பார்த்தால் எல்லாத் திசையும் ஒன்றுபோல் போகும் என்று வாங்குபவன் நம்பமாட்டான் என்று விற்பனைக்காரர்கள் சொல்ல, நாலாக ஆயிற்று. என் தொழிலில் இதைவிட உண்மையான கதை இல்லை. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் காசு கொடுப்பார்.

நான் பண்ணிய தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மருத்துவமனையின் ஆம்புலன்ஸ். நின்றபடி வேலை செய்ய வசதியாகக் கூரையை உயர்த்தி, ஃபைபரில் அச்சு வார்த்துப் போட்டிருந்தார்கள். அப்போது நான் தனியாகக் கடை போட்டு இரண்டு வருஷம். ஃபைபரின் மேல் ஏரியலை மாட்டினேன். கீழே தகரம் இல்லை என்பது தெரியும். அதனால் ஏரியலின் அடியிலிருந்து ஒரு கறுப்பு வயரை இழுத்து, பக்கச் சுவரின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பிடித்தேன். மல்டிமீட்டரை வைத்தேன். பீப். பூஜ்யம் ஓம். பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் பீப். பில் எழுதிக் காசு வாங்கினேன்.

மூன்றாம் நாள் டிரைவர் வந்தார். "அண்ணே, மைக்கை அழுத்தினா டீசல் முள்ளு ஆடுது. கன்ட்ரோல்ல ஒண்ணும் கேக்கலங்கிறாங்க. உள்ள கம்பவுண்டர் ஸ்ட்ரெச்சரப் பிடிச்சா மட்டும் கொஞ்சம் கேக்குதாம்."

ஸ்ட்ரெச்சரைப் பிடித்தால் கேட்கிறது என்றதும் எனக்கு ரிச்சி தெருச் சந்து ஞாபகம் வந்துவிட்டது. அந்த கம்பவுண்டர்தான் என் ஏரியலின் மறுபாதி.

அந்தக் கறுப்பு வயரை அவிழ்த்து அளந்தேன். 49 சென்டிமீட்டர். கால் அலை! கால் அலை நீளக் கம்பியின் ஒரு முனையை எர்த்தில் கட்டினால், மறுமுனையில் அந்த அலைவரிசைக்கு எர்த்தே தெரியாது. அறுந்த கம்பி போலத்தான் இருக்கும். மல்டிமீட்டர் பேட்டரி மின்சாரத்தைப் பார்த்து பீப் அடிக்கிறது. வினாடிக்கு 15 கோடி தடவை ஊசலாடும் மின்சாரத்துக்கு அந்த வயர் ஒரு சுவர். ஆராய்ந்து தேடியிருந்தாலும் இவ்வளவு சரியாகத் தப்பான நீளத்தை நான் வெட்டியிருக்க முடியாது.

அன்றிலிருந்து ஏரியல் விஷயத்தில் மல்டிமீட்டரின் பீப்பை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. பேட்டரிக்கு எர்த் வேறு, அலைக்கு எர்த் வேறு. அலைக்கான எர்த் ஏரியலின் காலடியிலேயே தொடங்கி வெளியே விரிய வேண்டும். எங்கிருந்தோ வயர் போட்டு அதைக் கொண்டுவர முடியாது.

ஆம்புலன்ஸின் உள்கூரை லைனிங்கைப் பிரித்தேன். ஒரு மீட்டர் சதுர அலுமினியத் தகடு ஒன்றை ஃபைபரின் உள்வளைவுக்கு ஏற்ப வளைத்து, ஏரியல் போல்ட் தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும்படி வைத்து, இரண்டு பக்கமும் பெரிய வாஷர் கொடுத்து இறுக்கினேன். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. அமுக்கிப் பிடித்தால்தான் உண்டு. பிறகு லைனிங்கை மூடிவிட்டேன். தகடு வண்டியின் இரும்பு எதையும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. டீசல் முள் அடங்கியது. வாங்கிய காசில் பாதியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மருத்துவமனையின் கணக்குப்பிள்ளை, ரசீதைத் திருத்துவது பெரிய வேலை என்று வாங்க மறுத்துவிட்டார்.

பின்னால் அவசரத்துக்குச் சில இடங்களில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டியும் செய்திருக்கிறேன். அலை உலோகத்தின் மேல்தோலில்தான் ஓடும். 155 மெகாஹெர்ட்ஸில் அலுமினியத்தின் அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சப்பாத்தி சுற்றும் தாள் போதும். கிழியாமல் காப்பதுதான் கஷ்டம்.

இனி வால்பாறை ஜீப். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது, சண்டையில் தொடங்கியது.

1990-களின் நடுவில், ஆனைமலையில் ஒரு தேயிலை எஸ்டேட். உரிமம் வாங்கி 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுகள் வைத்திருந்தார்கள். (2005-இல் மத்திய அரசு 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், நிபந்தனைகளோடு உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று விட்டது. அன்றைக்கு அப்படி இல்லை.) தொழிற்சாலைத் தகரக் கூரையில் ஒரு ஏரியல், பொள்ளாச்சிக்குச் சாமான் எடுக்கப் போகும் ஜீப்பில் ஒன்று. ஆழியாறிலிருந்து ஏறும் அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை. தூரம் அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடையாது. மேலிருந்து இறங்கும்போது 36-ஆம் வளைவிலேயே பேச்சு அறுந்துவிடுகிறது என்பது புகார்.

மேனேஜர் கையில் ஒரு அமெரிக்கப் பத்திரிகை. அதில் லாரியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் கொம்பு போல இரண்டு ஏரியல். "இது மாதிரி ரெண்டு போட்டுடுப்பா" என்றார். இரண்டு ஏரியலும் ஒத்துழைக்க அவற்றுக்கு நடுவே ஒன்பது அடியாவது வேண்டும், அந்த லாரி அகலத்துக்கே அது இழுத்துப் பிடித்த கணக்கு, நம் ஜீப்பின் அகலம் ஐந்தடி சொச்சம் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கொம்பு வைத்த ஜீப்பை மனதில் பார்த்துவிட்டார் போல.

ஜீப்பில் இருந்தது நாலடி ஃபைபர் கம்பு, உள்ளே கம்பிச்சுருள். மீட்டரை வைத்தேன்: 1.1. மேனேஜருக்கு அந்த எண் மனப்பாடம். "ஏரியல் பர்ஃபெக்ட். செட்தான் கோளாறு" என்றார்.

செட்டில் கோளாறில்லை. ஜீப்புக்குக் கூரையே இல்லை, கேன்வாஸ். இரும்புத் தொட்டி மாதிரி உடம்பு, அது சேஸிஸின் மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது. பானெட் கீலில் நிற்கிறது. கீலுக்குள் பெயின்ட்டும் கிரீஸும். பின்கதவு சங்கிலியில். சைலன்சர் குழாய் ரப்பர் வளையத்தில். பார்வைக்கு ஒரே வண்டி; அலைக்கு அது தனித்தனியான ஏழெட்டுத் துண்டு. இருக்கிற தகரமே 27 மெகாஹெர்ட்ஸுக்குப் போதாது, அதிலும் பாதி கணக்கில் இல்லை.

பழைய தடித்த கோஆக்ஸ் கேபிளின் மேல்தோலை உரித்து, உள்ளே இருக்கும் செம்பு வலையை உருவித் தட்டையாக்கினேன். சந்தையில் விற்கும் எர்த் வயரைவிட இது மேல். அகலமாக, தட்டையாக, குட்டையாக இருந்தால்தான் அலைக்கு வழி. பானெட்டிலிருந்து உடம்புக்கு இரண்டு பக்கமும், உடம்பிலிருந்து சேஸிஸுக்கு நாலு மூலையிலும், சைலன்சருக்கு மூன்று இடத்தில், பின்கதவுக்கு இரண்டு. ஒவ்வொரு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவைத்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ். ஒரு பகல் முழுக்க ஜீப்பின் அடியில் கிடந்தேன். அட்டை கடித்தது தனிக்கதை.

சாயங்காலம் மேனேஜர் முன்னால் மீட்டரை வைத்தேன். முள் 1.8.

"என்னப்பா இது! நல்லா இருந்ததைக் கெடுத்து வச்சிருக்கே!"

எனக்கும் ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கியது. ஆனால் மலை இறங்கிப் பார்ப்பது என்று முதலிலேயே பேசியிருந்தோம். டிரைவரும் நானும் இறங்கினோம். 36 தாண்டியது. 35, 34. நான் வளைவு நம்பரைச் சொல்லிக்கொண்டே வர, மேலே மேனேஜர் "ரோஜர், ரோஜர்" என்று கத்திக்கொண்டே இருந்தார். 31-இல்தான் அறுந்தது.

முள் ஏன் ஏறியது? அந்த நாலடிக் கம்பு தன் அளவில் பத்து ஓமுக்குள்தான் காட்டும். கேபிள் கேட்பது 50 ஓம். இடையில் உள்ள நாற்பதை நிரப்பிக்கொண்டிருந்தது எது? துண்டு துண்டான தகரம், துரு, மண். அனுப்பிய சக்தியில் ஐந்தில் நாலு பங்கு அங்கேயே சூடாகிப் போய்விட்டது. கூட்டினால் ஐம்பது வந்துவிட்டதால் மீட்டருக்குப் பரம திருப்தி. தகரத்தை இணைத்ததும் அந்த வீண் ஓம்களில் பாதி போயிற்று, கூட்டுத்தொகை ஐம்பதுக்குக் கீழே இறங்கிற்று, முள் ஏறிற்று. சக்தி மட்டும் வெளியே போகத் தொடங்கியது. செட்டில் ஏரியலுக்குப் பதில் 50 ஓம் சோதனைச் சுமையைச் செருகினாலும் மீட்டர் 1 என்றுதான் காட்டும். அதிலிருந்து ஒரு வார்த்தையும் வெளியே போகாது.

மறுநாள் நாலடிக் கம்பைக் கழற்றிவிட்டு, விப் எனும் எட்டரை அடி எஃகுக் கம்பை ஜீப் தொட்டியின் பின்மூலையில் ஸ்பிரிங் வைத்து நிறுத்தினேன். அடியில் சின்னச் சுருள் ஒன்றைக் குறுக்கே பற்றவைத்து முள்ளையும் 1.2-க்கு இறக்கிக் கொடுத்தேன். அது மேனேஜரின் மனநிம்மதிக்காக. பேச்சு 27-ஆம் வளைவு வரை போனது. விப் மரக்கிளைகளில் அடிக்கும் சத்தத்துக்குக் குரங்குகள் ஓடுவதாக டிரைவர் பிறகு சொன்னார்.

சின்னச் சின்ன அனுபவங்கள் எத்தனையோ. காந்த அடிப்பாகம் வைத்த ஏரியலுக்கு அடியில், பெயின்ட் கீறக் கூடாதென்று ஒருவர் பாத்ரூம் ரப்பர் மேட்டை வெட்டிப் போட்டிருந்தார். காந்த ஏரியலுக்குத் தகரத்தோடு கம்பித் தொடர்பு கிடையாது; பெயின்ட் பூச்சை நடுவில் வைத்து ஒரு கெபாசிட்டர் போலத்தான் இணைகிறது. மேட் போட்டால் அந்த இணைப்பு கால்வாசி ஆகிவிடும். மேட்டை எடுத்தேன், வேலை முடிந்தது, காசு வாங்கவில்லை. கரூரில் பாடி கட்டிய வேன் ஒன்று: சட்டத்தின் மேல் தகடு தகடாக ரிவெட் அடித்து, நடுவில் பெயின்ட். ஏரியல் நின்ற தகடு மட்டும் தனித்தீவு. பக்கத்துத் தகடுகளோடு செம்பு வலையால் தைத்தேன். கூரைக் கேரியரில் ஏரியலைக் கட்டிக் கொண்டுவந்தவர்கள் கணக்கில்லை. அவர்களோடு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகுக்காரர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். "எங்க போட்டுல தகரமே இல்லியே தம்பி, அப்ப இது எப்டிப் பேசுது?" படகுக்கு வரும் கடல் வி.எச்.எஃப். ஏரியல் பெரும்பாலும் அரை அலை. இரண்டு கையும் அந்த வெள்ளைக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது, கீழே எதையும் கேட்காது. அப்படியானால் காருக்கும் அதையே போடலாமே என்றார். போடலாம். நீளம் இரட்டிப்பு, விலை அதிகம், பாலத்துக்கடியில் போகும்போது முறியும். காரில் தகரம் சும்மாதானே கிடக்கிறது.

அந்த ஆம்னிகள் இன்று இல்லை. டாக்சிக்காரர் கையில் மொபைல் இருக்கிறது, அதில் ஏரியல் எங்கே என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நானும் கடையை மூடிவிட்டேன். எப்போதாவது ஹாம் ரேடியோ பையன்கள் வண்டியோடு வருவார்கள். வரும்போதே ஏரியல் வாங்கிக்கொண்டு வருகிறார்கள், எவ்வளவு டெசிபெல் என்று அட்டைப் பெட்டியைக் காட்டுகிறார்கள். நான் முதலில் கேட்பது வண்டியின் கூரை என்ன பொருள், சன்ரூஃப் உண்டா என்பதைத்தான். ஏரியல் வாங்குமுன் ஒரு டேப்பை எடுத்து, கூரையின் நடுவிலிருந்து நாலு பக்கமும் எத்தனை சென்டிமீட்டர் தகரம் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கூடவே ஒரு காந்தத்தையும் கூரையில் ஒட்டிப் பாருங்கள். தகரம் என்று நினைத்தது ஃபைபராக இருந்த கதை எனக்கு நடந்திருக்கிறது.

பாய் காலமான பிறகு தேக்சா மூடியை அவர் மகன் எனக்கே கொடுத்துவிட்டார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நாலு செங்கல் மேல் இருக்கிறது. நடு ஓட்டையில் 49 சென்டிமீட்டர் கம்பி, 145 மெகாஹெர்ட்ஸ். முள் 1.4.